புறங்கையில் வைத்த காகிதம்

பாளையம், திருவனந்தபுரம்
1938 செப்டம்பர் 5

அன்புள்ள சரோஜத்துக்கு அக்கா சுசீலாபாய் எழுதுவது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டதும் அடுப்பில் போடத் தோன்றும். போடு. முதல் பக்கத்தையாவது வாசித்துவிட்டுப் போடு. இதை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் பிடித்திருக்கிறது. ஐந்து வரி எழுதினால் விரல்கள் மரத்து உள்ளுக்குள் இழுத்துக்கொள்கின்றன. உதறிவிட்டு, ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு மறுபடி பேனாவை எடுக்கிறேன்.

ஜூன் மாதம் தெற்கே மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்குக் கழுத்தில் ஆப்பரேஷன் நடந்தது. கழுத்துக் கழலை. நான் எப்போதும் உயர்ந்த கழுத்து வைத்த ரவிக்கை போடுகிறவள் என்பதால் நீகூடக் கவனித்திருக்க மாட்டாய். தைராய்டு என்று ஒரு சுரப்பி தொண்டையின் முன்னால் இருக்கிறதாம். எனக்கு அது பெருத்து, தேவைக்கு நாலு மடங்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். முழுவதும் எடுத்தால் ஆள் மந்தமாகிப் போவாளாம். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் இப்போது குடித்தனம் நடத்துகிறேன்.

பிழைத்தேன் என்பதற்கே தேவனுக்கு ஸ்தோத்திரம். நெஞ்சு படபடவென்று ஓடுவது நின்றது. ஊசியில் நூல் கோக்க முடிகிறது. ஆனால் குளிர் விடமாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போர்வை போர்த்திக்கொண்டு போகிறேன். என்னோடு வேலை பார்க்கும் வலியசாலை விஜயம், "என்ன சுசீலா, ஊரே விசிறிண்டு உக்காந்திருக்கு, நீங்க போத்திண்டு வந்திருக்கேளே" என்று கேட்டாள். தொண்டையும் கம்மிப் போயிற்று. வகுப்பில் ஹாஜர் கூப்பிடக்கூடச் சத்தம் வருவதில்லை. விஜயம் தன் வகுப்பை முடித்துவிட்டு ஓடிவந்து எனக்காகக் கூப்பிட்டுத் தருகிறாள்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இந்த நோய் எனக்குக் குறைந்தது நான்கு வருஷமாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நோயாளிக்கு நெஞ்சு அடிக்குமாம், தூக்கம் வராதாம், எதற்கெடுத்தாலும் கோபம் வருமாம். உனக்கு நினைவிருக்கும், என் கோபத்துக்காக நான் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். சாட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று "நான் கோபக்காரி" என்று அறிக்கை செய்தேன். ஞானசிகாமணி போதகர் மூன்று கூட்டத்தில் எனக்காக முழங்கால் போட்டார். நான் இளைத்தேன், கோபம் கொழுத்தது. பாவம் என்று நினைத்து நானும் அவரும் மல்லுக்கு நின்றது ஒரு கழலையோடு.

நான்கு வருஷம் என்றால் 1935 ஓணமும் அதற்குள் வந்துவிடுகிறது. ஆகவே சரோஜம், அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைச் சொன்ன வார்த்தை நான் சொன்னதல்ல. என் நோய் சொன்னது. அதை மன்னித்துவிடு. குழந்தை ஓமனாவை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை தங்கப்பனுக்கும் அவர் தாயாருக்கும் என் வந்தனம்.

அக்கா
சுசீலாபாய்


பாளையம்
1938 செப்டம்பர் 29

அன்புள்ள சரோஜத்துக்கு,

கல்லாற்றிலிருந்து வரும் அஞ்சல்காரர் கொண்டுவந்து தந்த பொட்டலத்தில் ஒரு சாம்பல் நிறக் கம்பளி இருந்தது. உதறிப் பார்த்தேன், மடிப்புக்குள் தேடினேன், கடிதம் இல்லை. இருந்தாலும் எஸ்டேட்டுத் தேயிலை வாசனை அதில் இருந்தது, எனக்கு அது போதும். நேற்று அதைப் போர்த்திக்கொண்டு ஒன்பது மணி நேரம் தூங்கினேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மலையில் உனக்கு அது இல்லாமல் எப்படி?

சுசீலாபாய்


பொன்முடி எஸ்டேட்
1938 அக்டோபர் 14

அக்காவுக்கு,

கம்பளியை அன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்த மலையில் குளிரே தெரிவதில்லை. அது பெட்டியில் கிடந்து பாரம். அதனால் அனுப்பினேன். அவ்வளவுதான். பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன், ஆனால் உங்கள் முதல் கடிதம் ஒரு மாதமாக என்னைத் தூங்க விடவில்லை, படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ நெல் குத்துகிறார்கள், அதனால் விடியுமுன் எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நோய் சொன்னதாம். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்டியெடுத்த அந்தச் சதை இன்னும் ஆஸ்பத்திரியில் ஏதாவது குப்பியில் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள். என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அத்தை, மூன்று வருஷமாக எனக்குச் சொல்லிக்காட்டுகிறீர்களே, அந்த வார்த்தையைச் சொன்னவர் இதோ இந்தக் குப்பிக்குள் இருக்கிறார், இவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று காட்டுகிறேன்.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். ஓமனாவுக்கு அப்போது எட்டு மாதம். தொண்டை அடைத்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். ஓமனா அப்பா தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போயிருந்தார். எஸ்டேட் கம்பவுண்டர் வரட்டும் என்று நான் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றேன். நின்றது நிஜம். எனக்குக் கால் வரவில்லை. ஓண விடுமுறைக்கு வந்திருந்த நீங்கள் பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில், ஆறு மைல் குறுக்குப்பாதையில் கல்லாறுவரை இறங்கினீர்கள். தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த லாரியை நடுரோட்டில் நின்று மறித்தீர்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனீர்களாம். நான் மாமியாரோடு அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தபோது ஊசி போட்டு, பிள்ளைக்கு மூச்சு வந்திருந்தது. நான் அழுதுகொண்டே கையை நீட்டினேன். அப்போதுதான் நீங்கள் மாமியார் கேட்க, சபைக்காரர்கள் கேட்க, நர்சுகள் கேட்கச் சொன்னீர்கள்: "இவ பெத்ததோட சரி. இவ கையில பிள்ளையக் குடுத்தா கொன்னுபோடுவா."

அக்கா, அது பொய்யாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். நான் நின்றவள்தானே. அதனால்தான் மறக்க முடியவில்லை. இன்றைக்கும் ஓமனாவுக்கு ஒரு தும்மல் வந்தால் மாமியார் அவளை என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். "ஒன் கூடப்பொறந்தவளே சொன்னாளே, இனி நான் வேற சொல்லணுமாக்கும்?" என்கிறார்.

இன்னொன்று கேட்கிறேன். சொன்னது கழலை என்றால் ஓடியதும் கழலைதானே? ஆறு மைல் இளைக்காமல் ஓடினது எந்தக் கால்? ஒரே நாள், ஒரே உடம்பு. நல்லதை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் கழலையின் தலையில் கட்டினால் எப்படி? நான் யாரோடு சண்டை பிடிப்பது, யாருக்கு நன்றி சொல்வது? கோபத்தை வெட்டி எறிந்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்கிறீர்கள். பல் போன பிறகு இனிக் கடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்வதுபோல இருக்கிறது. கோபம் இருக்கும்போது கேட்டிருந்தால் அது மன்னிப்பு.

இதுவே பதினொரு பக்கம் ஆகிவிட்டது. இரண்டு வேளைச் சோறு ஒரே வேளையில் தின்கிறேன், ஆனாலும் ரவிக்கை தொளதொளவென்று கிடக்கிறது. எல்லாம் உங்களால் வந்த கவலை.

சரோஜம்


பாளையம்
1938 அக்டோபர் 24

அன்புள்ள சரோஜம்,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை அக்காவாக, இரண்டாம் தடவை குற்றவாளியாக. மூன்றாம் தடவை எதற்காக வாசித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ சொன்னது நியாயம். நோயின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். இப்போது வெளியே வருகிறேன். அந்த வார்த்தை என்னுடையது. நோய் வாயைத் திறந்துவிட்டிருக்கும். உள்ளே இருந்ததைத்தானே அது வெளியே தள்ளியது? அன்று லாரியில் வரும்போது பிள்ளை என் மடியில் இரண்டு தடவை மூச்சை நிறுத்தினாள். என் கையிலேயே போய்விடுவாள் என்று நான் நடுங்கினேன். பிழைத்ததும் அந்தப் பயத்தை யார்மேலாவது கொட்ட வேண்டியிருந்தது. கையை நீட்டிக்கொண்டு எதிரே நின்றவள் நீ. இதை மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். உன் மாமியார் தாசம்மாளுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சொன்னவளே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள் என்று அவர்களுக்கு வாசித்துக் காட்டு.

இனி மூன்றாம் தடவை. முப்பது வருஷம் காப்பி நோட்டுத் திருத்தியவள் நான். உனக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். உன் எழுத்து குண்டு குண்டாக, கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். இந்தக் கடிதத்தில் வரி மேலே ஏறுகிறது, எழுத்தின் வால் எல்லாம் நடுங்குகிறது. ஐப்பசி மழையில் பொன்முடியில் குளிரவில்லை என்கிறாய். இரண்டு பங்கு தின்று இளைக்கிறேன் என்கிறாய். நெஞ்சுக்குள் நெல் குத்துகிறார்கள் என்கிறாய். அந்த நெல்லை நான்கு வருஷம் நானும் குத்தினேன்.

நம் அம்மாவுக்கும் கழுத்து தடித்திருந்தது, நினைவிருக்கிறதா? உடம்பு வாகு என்றே எல்லாரும் சொன்னோம்.

ஒரே ஒரு காரியம் செய். டாக்டர் எனக்குச் செய்து காட்டியது. கையை நேரே நீட்டி விரல்களை விரித்துக்கொள். இந்தக் கடிதத்தின் ஒரு தாளை உன் புறங்கையின்மேல் விரித்து வை. இருபது எண்ணு. தாள் சும்மா கிடந்தால் நான் வீண் பயம் காட்டினேன் என்று வை, என்னைத் திட்டு. அது ஆடினால் எனக்கு எழுது.

சுசீலாபாய்


பொன்முடி எஸ்டேட்
1938 அக்டோபர் 31

அக்காவுக்கு,

மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா. மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலேயே என்னை நோயாளி ஆக்கிவிட்டீர்கள். அப்படியானால் நான் எழுதின பதினொரு பக்கமும் என் கழலை எழுதியது, அதற்கு மதிப்பில்லை, அப்படித்தானே? எனக்கு ஒன்றும் இல்லை. தாளை வைத்துப் பார்க்கவும் போவதில்லை.

மாமியாருக்கு எழுதியதை வாசித்துக் காட்டினேன். மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

சரோஜம்


பொன்முடி எஸ்டேட்
1938 நவம்பர் 20

அக்கா,

தாள் ஆடியது.

ஓமனா அப்பா கையில் வைத்தேன். கல்லில் வைத்ததுபோல் கிடந்தது. மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது, அவர் கையில்கூட லேசாகத்தான் அசைந்தது. ஓமனா தன் கையிலும் வைக்கச் சொன்னாள், சிரித்துச் சிரித்து அவளே கீழே போட்டாள். என் கையில் பத்து எண்ணுமுன் தாள் நழுவித் தரையில் விழுந்தது. ஓமனா அப்பா அதை எடுத்துத் திரும்ப வைத்தார். திரும்பவும் விழுந்தது. "நீ செத்த இரி பிள்ளே, ஒனக்கு மூச்சு வாங்குதுல்லா" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வாங்குவதே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஏன் வைத்துப் பார்த்தேன் என்று சொல்லாவிட்டால் நான் மனுஷி அல்ல. பதினேழாம் தேதி ஓமனா அடுப்பங்கரையில் பாலைக் கொட்டிவிட்டாள். ஒரு கரண்டி பால். நான் அவளைப் பார்த்து, "நீ அன்னைக்கே போயிருக்கலாம்" என்றேன். மூன்றே முக்கால் வயசுப் பிள்ளை. எங்கே போயிருக்கலாம் என்று அவளுக்குப் புரியவில்லை, "எங்கேம்மா?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்தது. உங்கள் வார்த்தையைவிட என் வார்த்தை கொடியது. நீங்கள் பயத்தில் சொன்னீர்கள், நான் ஒரு கரண்டிப் பாலுக்குச் சொன்னேன்.

ஒன்று தெரிந்துகொண்டேன் அக்கா. உள்ளே இருந்து பார்க்கும்போது அது நோயாகத் தெரியவில்லை, நியாயமாகத் தெரிகிறது. சொல்லி முடிக்கும்வரை நான் சொல்வது சரி என்றே இருந்தது. உங்களுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.

இங்கே வந்த டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொன்னார், நீங்கள் எழுதியதையே சொன்னார். ஆப்பரேஷன் வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. கத்தி பயமில்லை. அதற்குப் பிறகு என்ன மிச்சம் இருக்கும் என்று பயம். குரல் போகுமா? மந்தமாவேனா? ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். நல்லது சொல்லித் தேற்றினால் எனக்குத் தெரிந்துவிடும்.

சரோஜம்


பாளையம்
1938 நவம்பர் 28

என் கண்ணே சரோஜம்,

மறைக்காமல் எழுதுகிறேன். ஆறு நாளாக எழுதுகிறேன், கை இழுக்கும் இடமெல்லாம் மை கொட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

மயக்கமருந்து கொடுக்கமாட்டார்கள். கழுத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. வெட்டும்போது நீ பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதாம், சத்தம் மாறினால் அவர்களுக்குத் தெரியவேண்டும். ராஜமணி என்ற நர்ஸ் என் தலைமாட்டில் நின்று, "ஏதாச்சும் சங்கீதம் சொல்லுங்க டீச்சரே" என்றாள். சங்கீதம் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். பதினாறேழு நூற்றுப்பன்னிரண்டு வரையில் என் பழைய குரல் இருந்தது. அதற்குப் பிறகு இந்தக் குரல். யார் குற்றமும் இல்லை, கழலை நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். உன் கழலை சின்னது. எனக்கு நேர்ந்தது உனக்கும் நேரவேண்டும் என்று இல்லை.

குரல் பாதி திரும்பியிருக்கிறது. மேல்ஸ்தாயி வரவே வராது, கோயிலில் கீர்த்தனை பாடும்போது வாயை மட்டும் அசைக்கிறேன். வகுப்பில் பிரம்பால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவேன். பிள்ளைகள் அடங்கி முன்னால் சாய்ந்து உட்காருகிறார்கள். அன்று கத்திக் கத்திச் சொன்ன கணக்கை இன்று முனகிச் சொல்லிக் கொடுக்கிறேன். தேர்ச்சி முன்போலத்தான். எட்டாம் வகுப்பில் சிலருக்கு எப்படிச் சொன்னாலும் வராது.

விரல் மரப்பதற்குச் சுண்ணாம்புச் சத்துப் பொடி, மூன்று வேளைப் பால். வாயைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் உடனே அந்தப் பொடியைப் போடவேண்டும், தள்ளிப்போட்டால் கை கோழிக்கால்போல் மடங்கிக்கொள்ளும். ஒரு நாள் கரும்பலகையின் முன்னால் அப்படி ஆயிற்று. விஜயம் ஓடிவந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அவள் மடிக்காரி, பள்ளிக்கூடத்தில் யார் கொடுத்தாலும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அன்றைக்கு என் கையை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்?

அசதிக்கும் குளிருக்கும் ஒரு வில்லை தந்திருக்கிறார்கள். ஆட்டின் தைராய்டை உலர்த்தி இடித்துச் செய்தது. அதைத் தின்ன ஆரம்பித்த பிறகு முகவீக்கம் வடிந்தது. சென்ற வாரம் விஜயம் அந்தக் குப்பியைப் பார்த்து, "எனக்கும் அசதியா இருக்கு, ஒண்ணு தாங்கோளேன்" என்று கையை நீட்டினாள். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இது கழுத்து வெட்டினவர்களுக்கு மட்டும் என்று சொல்லி, குப்பியை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறதி உண்டு. பெயர்கள் சட்டென்று வருவதில்லை. காலையில் எழுந்தால் உடம்பு என் பின்னால் அரை மணி கழித்துத்தான் எழுந்து வருகிறது.

ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். பழைய கோபம் இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது. போன மாதம் பள்ளிக்கு வந்த அதிகாரி ஒருவர் ஒரு சின்ன டீச்சரை எல்லார் முன்பும் அவமானப்படுத்தினார். பழைய சுசீலாபாய் எழுந்திருப்பாள். நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, உடம்பு சூடாகவில்லை. மறுநாள் நிதானமாக மேலிடத்துக்கு எழுதிப்போட்டேன். எழுதியதில் பலன் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அழுதபோது நான் உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், மறுபடி கேட்டால் அந்த மேஜையில் போய்ப் படுப்பேன். சில நாள் சாயங்காலம் ஜன்னலருகே உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கிறேன். அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. தேநீர்க் கோப்பை தளும்பாமல் வாய்க்கு வருகிறது. சின்னக் காரியம், ஆனால் தினமும் அதற்காக ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

ஆப்பரேஷனுக்கு முன் பதினைந்து நாள் பாலில் அயோடின் சொட்டு ஊற்றிக் குடித்துப் படுத்திருக்க வேண்டும். என் வீட்டில் வந்து படு. பிறகு மாப்பிள்ளை உன்னைத் தெற்கே கூட்டிப் போகட்டும். ஓமனாவை யாரிடம் விடுவது என்று யோசிப்பாய். தாசம்மாளிடமே விடு. என்னிடம் விடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

சுசீலாபாய்


பாளையம்
1939 ஜனவரி 22

அன்புள்ள சரோஜம்,

நீ தெற்கே புறப்பட்டு மூன்று நாள் ஆகிறது. வீட்டில் உன் படுக்கையைச் சுருட்ட மனம் வரவில்லை. ஓமனா நன்றாக இருக்கிறாள். முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் என் தொண்டைத் தழும்பைத் தடவிப் பார்த்து, "அம்மைக்கும் இப்படி மாலை போடுவாங்களா பெரியம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பள்ளிக்கூடத்துக்கு என்னோடு வருகிறாள், கம்பளியில் பாதி அவளுக்கு.

கல்லாற்றில் பஸ் ஏறும்போது தாசம்மாள், "அவ பெரியம்மகிட்டயே இருக்கட்டு" என்று சொன்னதாக நீ சொன்னாயே. இன்றைக்கும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

என்றைக்கு ஆப்பரேஷன் என்று மாப்பிள்ளையை எழுதச் சொல்.

சுசீலாபாய்


மிஷன் ஆஸ்பத்திரி
1939 ஜனவரி 26

அக்கா,

நாளைக் காலை ஆப்பரேஷன். அதற்கு முன்னால் இதை எழுதி ஓமனா அப்பாவிடம் கொடுத்து அஞ்சலில் சேர்க்கிறேன். எழுத்து ஏறி இறங்கி இருக்கும். திருத்த வேண்டாம்.

இன்னும் என் கழலை என் கழுத்தில் இருக்கிறது. நெஞ்சு இப்போதும் அடிக்கிறது. இன்று காலையில்கூட, கஞ்சி ஆறிப்போயிற்று என்று ஓமனா அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். உங்கள்மேலும் கோபம் இருக்கிறது. வராந்தாவை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். நாளைக்கு எழுதினால் டாக்டரின் கத்தி மன்னித்தது என்று ஆகிவிடும். உங்களைப் பல் போனவர் என்று கேலி செய்தவள் நான், அதே கேலிக்கு நான் ஆளாகக் கூடாது.

மன்னித்தேன் அக்கா. கோபத்தோடேயே மன்னித்தேன்.

இனி இன்னொன்று. இதுதான் பெரியது. என் பிள்ளை பிழைத்ததற்கு மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. சொன்னால் அந்த வார்த்தையையும் ஒப்புக்கொண்டது ஆகிவிடும் என்று பயந்தேன். நன்றியை விழுங்கி விழுங்கித்தான் என் கழுத்து வீங்கியது என்று டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். கோபமும் படபடப்பும் உங்கள் நோயாக இருக்கட்டும். எனக்கும் அதே நோய் இருக்கிறது, இத்தனை நாளில் நான் எந்த மழையிலும் யாருக்காகவும் ஓடவில்லை. ஓடியது நோய் இல்லை, நீங்கள். என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். இப்போது நானே கொண்டுவந்து உங்கள் கையில் விட்டிருக்கிறேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அவள் அங்கேயே இருக்கட்டும். ஆகாவிட்டால் இந்தக் கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். சாந்தமான பிறகு ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் தங்கச்சி
சரோஜம்


மிஷன் ஆஸ்பத்திரி
1939 பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் விட்டார்கள். மெதுவாக எழுதுகிறேன்.

குரல் இருக்கிறது. கொஞ்சம் கரகரப்பு, அது போய்விடும் என்கிறார்கள். வெட்டும்போது பேசச் சொன்னார்கள். எனக்கு வாய்ப்பாடு எந்தக் காலத்தில் வந்தது? மீன்குழம்பு வைக்கிற விதத்தைச் சொன்னேன். புளி கரைத்து ஊற்றி அடுத்ததற்குப் போனதும், வெள்ளைக்கார டாக்டர் துரை நல்ல தமிழில், "தேங்காய் எப்போது அரைத்தீர்கள்?" என்று கேட்டார். மறந்துபோயிருந்தது. முதலிலிருந்து சொல்லச் சொன்னார். குழம்பு முடிவதற்குள் கழலை வெளியே வந்துவிட்டது.

நான்காம் நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. நீங்கள் எழுதியிருந்ததால் பயப்படவில்லை, ராஜமணி சிஸ்டரைக் கூப்பிட்டுப் பொடி கேட்டேன். முன்னமே தெரிந்து கேட்கிற நோயாளியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். குளிர் இன்னும் வரவில்லை. வந்தால் கம்பளியில் எனக்கும் ஒரு மூலை வேண்டும். கூச்சமில்லாமல் கேட்கிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தில் ஒரு தாளைப் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். இருபது எண்ணினேன், பிறகு அறுபதுவரை எண்ணினேன். சும்மா கிடந்தது. ஓமனா அப்பா பக்கத்துக் கட்டில்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

திருப்பி அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதன் மூலையில் ஓமனா பென்சிலால் கிறுக்கியிருப்பது நான்தானாம், கழுத்தில் மாலையோடு. கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இதை எழுதியவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு அடிக்கவில்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கோடு போட்டு அடிக்க வேண்டிய வரி ஏதாவது இருக்கிறதா என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே வாசித்தேன். ஒரு வரிகூட இல்லை.

ஆகவே அதை இத்துடன் மறுபடியும் உங்களுக்கே அனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓமனாவுக்குத் தலை பின்னும்போது இடது பக்கம் இறுக்க வேண்டாம், அவளுக்கு வலிக்கும்.

தங்கச்சி
சரோஜம்